மொட்டை மாடியில் பத்து நிமிடம்

வாசகர் கடிதம்: "எனக்கு 46 வயது. தஞ்சாவூரில் ஒரு வங்கிக் கிளையில் பணிபுரிகிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஒரே மகன் சென்ற ஆண்டு கோவையில் கல்லூரி விடுதியில் சேர்ந்துவிட்டான். வீட்டில் நானும் 78 வயது மாமியாரும் மட்டும்தான். மாமனார் காலமாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இருபது வருடமாக, 'ஒரு மணி நேரமாவது என்னைத் தனியாக விட மாட்டார்களா' என்று ஏங்கியவள் நான். இப்போது மாலைப் பொழுது முழுவதும் எனக்கே கிடைக்கிறது. ஆனால் ஐந்து நிமிடம்கூடச் சும்மா உட்கார முடியவில்லை. காய் நறுக்கும்போதுகூடக் காதில் ஏதாவது ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். இரவு ஒரு மணி வரை கைப்பேசியைத் தள்ளிக்கொண்டே கிடக்கிறேன். அலுவலக வேலையில் குறை வைப்பதில்லை, மகனோடு தினமும் பேசுகிறேன். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்தால், மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்த அப்பாவின் நினைவு வந்துவிடுகிறது. அவர் கடைசியாக என்னை அழைத்தது ஒரு மார்ச் 31 மாலை. கணக்கு முடிக்கும் நேரம். 'நாளைக்குப் பேசறேம்பா' என்று வைத்துவிட்டேன். விடியற்காலையில் போய்விட்டார். அந்த நினைவு வந்ததும் எழுந்து கீழே ஓடி வந்துவிடுகிறேன். திண்ணையில் பூ கட்டிக்கொண்டிருக்கும் மாமியார், 'ஏன் தனியா போய் உட்கார்ந்திருக்கே, உடம்புக்கு என்ன?' என்கிறார். இது மனநோயா? தியான வகுப்பில் சேரலாமா? தனிமையை விரும்புவது சுயநலமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். அந்த அச்சம் மனத்தில் இருக்கும்வரை மற்ற எதையும் நிதானமாகப் படிக்க முடியாது. உங்கள் கடிதத்தில் உள்ளதை மட்டும் வைத்துப் பார்த்தால் இதை நான் நோய் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் கடிதத்தில் எழுதாமல் விட்டவை இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி மனம் சோர்ந்தே கிடந்தால், முன்பு பிடித்த எதிலும் நாட்டம் இல்லாமல் போனால், உறக்கமும் பசியும் கெட்டால், நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரே ஒரு முறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தந்தையை இழந்த துயரம் ஆறு மாதங்களைக் கடந்தும் நாள்தோறும் வாட்டி, அன்றாட வாழ்க்கையையே குலைக்குமானால், அதை நீடித்த துயரக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இப்போது வகைப்படுத்துகிறது. உங்களுக்கு அது இருப்பதாக நான் கருதவில்லை. ஆனால் அந்த மார்ச் மாலையிலிருந்து ஏதோ ஒன்று உங்களுக்குள் முடியாமல் நிற்கிறது.

சும்மா உட்கார முடியாமல் போவது உங்களிடம் மட்டும் உள்ள பலவீனம் என்று எண்ணியிருக்கிறீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோத்தி வில்சன் என்ற உளவியலாளரும் அவருடைய சக ஆய்வாளர்களும் செய்து, 2014-இல் சயின்ஸ் இதழில் வெளியிட்ட ஓர் ஆய்வை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆட்களை ஒரு வெற்று அறையில், கைப்பேசியோ புத்தகமோ பேனாவோ இல்லாமல், 6 முதல் 15 நிமிடம் வரை தனியே உட்காரச் செய்தார்கள். மனத்துக்குப் பிடித்ததை நினைத்துக்கொண்டிருப்பது மட்டுமே வேலை. பலர் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்றார்கள். ஒரு கட்டத்தில், அந்த அறையில் ஒரு பொத்தானை வைத்தார்கள். அழுத்தினால் அழுத்தியவருக்கே லேசான மின்அதிர்ச்சி கிடைக்கும். அந்த அதிர்ச்சியை முன்பே ஒருமுறை அனுபவித்துவிட்டு, 'காசு கொடுத்தாவது இதைத் தவிர்ப்பேன்' என்று சொல்லியிருந்தவர்களே உள்ளே உட்கார்ந்தார்கள். அப்படியும் அந்தப் 15 நிமிடத்துக்குள், 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் குறைந்தது ஒருமுறையாவது அதை அழுத்தினார்கள். இது இளம் மாணவர்களின் பொறுமையின்மை மட்டும்தானா என்று அறிய, 18 முதல் 77 வயது வரை உள்ள பொதுமக்களையும் அவரவர் வீட்டில் தனியே உட்காரச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. இந்த முடிவுகளை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் பிற ஆய்வாளர்கள் மாறுபட்டார்கள் என்பது உண்மையே. ஆனால் என் ஆலோசனை அறையில் எதிரே உட்காருகிறவர்களிடம் நான் ஆண்டாண்டாகக் காண்பதோடு அது ஒத்துப்போகிறது. நம்மோடு நாமே இருப்பது இயல்பாக வந்துவிடுகிற காரியமாக இல்லை. நீச்சலைப் போல அதைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உட்கார்ந்ததும் அப்பாவின் நினைவு வருவதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். வெளிவேலை எதையும் செய்யாமல் இருக்கும்போது மூளை ஓய்ந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட சில பகுதிகள் அப்போதுதான் கூடுதலாக இயங்குகின்றன என்பதை மார்கஸ் ரைக்கிள் என்ற நரம்பியலாளரின் குழு 2001-இல் எடுத்துக்காட்டியது. அந்தப் பகுதிகள் ஈடுபடுகிற வேலைகளைப் பாருங்கள்: கடந்ததை நினைத்தல், வரப்போவதைக் கற்பனை செய்தல், பிறர் மனத்தில் என்ன இருந்திருக்கும் என்று எண்ணுதல், தன்னைப் பற்றித் தானே யோசித்தல். நாள் முழுவதும் வாடிக்கையாளர், கணினி, குக்கர் விசில், வாட்ஸ்அப் என்று ஓடிக்கொண்டிருக்கிற ஒருவருக்கு இந்த வேலைகளுக்கு நேரமே வாய்ப்பதில்லை. மாடிக்கு வந்து உட்கார்ந்தவுடன், நெடுநாள் காத்திருந்த கோப்பு முதலில் மேசைக்கு வருகிறது. உங்களுக்கு அந்தக் கோப்பு அப்பா.

அது வரும் நேரத்தில்தான் நீங்கள் எழுந்து ஓடிவிடுகிறீர்கள். ஓடி வந்து எடுப்பது கைப்பேசி. நம் தலைமுறைக்கு நேர்ந்திருக்கும் புதிய சிரமம் இதுதான். மனிதர்கள் எந்தக் காலத்திலும் தம் மனத்தைத் தாமே சந்திக்க அஞ்சியிருக்கிறார்கள். ஆனால் ஓடி ஒளிவதற்கான இடம் இவ்வளவு அருகில், உள்ளங்கையில், முன்பு ஒருபோதும் இருந்ததில்லை. நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. வானொலி ஒரு நேரத்தில் ஒலிபரப்பை முடித்துக்கொள்ளும். இப்போது திரைக்கு அடி என்பதே இல்லை. விரல் தள்ளத் தள்ள அடுத்தது வந்துகொண்டிருக்கும்படி திட்டமிட்டே அமைத்திருக்கிறார்கள். 2016-இல் இணையத் தரவின் விலை சரிந்த பிறகு, பேருந்துக்குக் காத்திருந்த நேரமும், ரேஷன் கடை வரிசையும், பால் பொங்கும் வரை அடுப்படியில் நின்ற இரண்டு நிமிடமும்கூட ஒவ்வொன்றாகப் போயின. யாரும் அவற்றைத் தனிமை என்று அழைத்ததில்லை. ஆனால் மனம் தன் சில்லறை வேலைகளை முடித்துக்கொண்டது அந்த இடைவெளிகளில்தான். 2012-இல் தமிழகத்தில் மணிக்கணக்காக மின்சாரம் நின்ற மாலைகள் நினைவிருக்கும். அந்தப் புழுக்கத்தையும், மறுநாள் தேர்வுக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் படித்த பிள்ளைகளின் சிரமத்தையும் நான் மறக்கவில்லை. அக்காலம் திரும்பட்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனாலும் தெருவே இருட்டில் வாசற்படியில் வந்து உட்கார்ந்து, அதிகம் பேசாமல், விசிறிக்கொண்டிருந்த அந்த நேரத்துக்கு ஈடான ஒன்று இப்போது நம்மிடம் இல்லை.

உங்கள் கை ஓயாமல் கைப்பேசியைத் தேடுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஒரு முறை ஓர் அழைப்பை 'நாளைக்கு' என்று தள்ளி வைத்தீர்கள், நாளை வரவில்லை. அதன் பிறகு கணவர் கடல் கடந்து இருக்கிறார், மகன் வெளியூரில் இருக்கிறான். கைப்பேசி கைக்கு எட்டாத இடத்தில் இருக்கும்போது, இன்னொரு அழைப்பைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் அடியில் இருக்கக் கூடும். அப்படியானால் நீங்கள் செய்துகொண்டிருப்பது பொழுதுபோக்கு மட்டும் இல்லை, ஒரு வகையான காவலும்கூட. அதற்கு ஒரு சிறிய ஏற்பாடு போதும். இன்றைய தொடுதிரைக் கைப்பேசிகளில் 'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற அமைப்பு இருக்கிறது; அதில் கணவர், மகன், உங்கள் பிறந்த வீட்டார் ஆகியோரின் எண்களுக்கு மட்டும் விலக்கு அளித்துவிட்டால், அவர்கள் அழைத்தால் மணி அடிக்கும், மற்றவை மௌனமாக இருக்கும். சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, கைப்பேசியை மாடிப்படியின் அடியில் வைத்துவிட்டு மேலே போங்கள். மணி கேட்கும் என்று தெரிந்தால் மனம் காவல் காப்பதைக் கொஞ்சம் தளர்த்தும்.

சுயநலமா என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழில் 'தனிமை' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் பயன்படுத்திவிடுகிறோம்: ஆளில்லாமல் வாடுவதற்கும், ஆளில்லாத நேரத்தை விரும்பி எடுத்துக்கொள்வதற்கும். இரண்டாவதற்கு 'ஏகாந்தம்' என்ற சொல் இருந்தாலும், ஒரு குடும்பத் தலைவி, 'நான் கொஞ்ச நேரம் ஏகாந்தமாக இருந்துவிட்டு வருகிறேன்' என்று வீட்டில் சொல்ல முடியுமா? ஓர் ஆண் ஈசிச்சேரில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தால், 'அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார், சத்தம் போடாதே' என்று குழந்தைகளை அதட்டுவோம். அதே நேரத்தில் அந்த வீட்டுப் பெண் சும்மா உட்கார்ந்திருந்தால் தலைவலியா, கோபமா, யாரோடு சண்டை என்று கேட்போம். இந்த வேறுபாடு எனக்கு வருத்தம் தருவது. உங்களைப் போன்ற பல பெண்கள் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொள்வதைத் தவிரத் தனியாக இருக்க வேறு வழி அறியாமலேயே நாற்பதைக் கடந்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகள் பழகாத ஒன்று, மகன் விடுதிக்குப் போன மறு மாதமே கைவந்துவிடுமா?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை இங்கே பயன்படும். 15 நிமிடம் தனியே இருந்தவர்களிடம், பரபரப்பான மகிழ்ச்சி, படபடப்பான வேதனை இரண்டுமே தணிந்திருப்பதை அவர்கள் கண்டார்கள். அதாவது தனிமை நம்மைத் துள்ள வைப்பதில்லை, இறக்கி அமர்த்துகிறது. தாமாக விரும்பி அந்த நேரத்தை எடுத்துக்கொண்டவர்களுக்கு அது இளைப்பாறுதலாகவும் அமைந்தது. மாலையில் வீடு திரும்பியதும் உங்களுக்குக் கிடைப்பது இதுவரை எல்லோரும் போனதால் நேர்ந்த வெறுமை. அதில் பத்தே நிமிடத்தை, நேரம் குறித்து, நீங்களாகத் தேர்ந்து எடுத்துக்கொள்ளும்போது அதன் தன்மை மாறும். பத்துக்கு மேல் வேண்டாம்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறேன். மாடியில் அப்பா வரும்போது அங்கே நடப்பது சிந்தனையா, அரைத்த மாவையே அரைப்பதா என்று நீங்கள் பிரித்தறிய வேண்டும். அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்சிமா தம் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த இரண்டாவது பழக்கத்துக்கே செலவிட்டார். ஒரே வேதனையைத் திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறவர்களுக்குச் சோர்வு ஆழமாகவும் நீளமாகவும் போகிறது என்பது அவருடைய கண்டறிதல். 'ஏன் வைத்தேன், ஏன் வைத்தேன்' என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தால் அது அரைப்பது. அந்தக் கேள்விக்கு விடை கிடையாது. தண்டனை மட்டுமே உண்டு. 'அன்று மாலை என்ன நடந்தது' என்று கேட்டால் அதற்கு விடை உண்டு. மணி என்ன, எதிரே எத்தனை பேர் நின்றார்கள், அவர் குரல் எப்படி இருந்தது, என்ன கேட்டார், நீங்கள் 'அப்பா' என்று சொன்னபோது உங்கள் குரல் எப்படி இருந்தது? பத்து நிமிட முடிவில், நேற்று நினைவுக்கு வராத ஒரு சிறு விவரமாவது புதிதாக வந்திருந்தால் நீங்கள் சிந்தித்திருக்கிறீர்கள். ஒன்றுமே வராமல் நெஞ்சு மட்டும் கனத்திருந்தால் அன்றைக்கு எழுந்து, கீழே போய், கையால் செய்கிற ஏதாவது ஒரு வேலையில் இறங்குங்கள். அப்படி எழுவது ஓடுவது ஆகாது.

விடியற்காலையில் நடந்ததை அறிந்த மனத்தோடு நீங்கள் முந்தைய மாலையை விசாரிக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். அன்று மாலை அந்தச் செய்தி உங்களுக்குத் தெரியாது. ஆண்டுக் கணக்கு முடிக்கும் நாளில் ஒரு வங்கி ஊழியர் தம் தந்தையிடம் 'நாளைக்குப் பேசறேம்பா' என்று சொல்வது, நாளைக்கும் அவர் இருப்பார் என்ற நம்பிக்கையில் சொல்வது. தவறே இல்லை என்று சொல்லி உங்கள் வருத்தத்தை வாயடைக்க நான் விரும்பவில்லை. பேசியிருக்கலாமே என்ற வருத்தம் நியாயமானது, அது அன்பிலிருந்து வருவது. ஆனால் வருத்தத்தைக் குற்றமாக மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கடிதத்தில் அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதெல்லாம் அந்த ஒரு மாலையைப் பற்றித்தான், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று ஒரு வரிகூட இல்லை.

ஆகவே, மாடிக்குப் போவதற்கு முன் நான்கு நாட்கள் எழுதிப் பாருங்கள். ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தம் வாழ்வின் வேதனையான ஒரு நிகழ்ச்சியைப் பற்றி, அடுத்தடுத்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நிகழ்ச்சியையும் அதைப் பற்றிய தம் உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்தவுடன் முன்பைவிட வாட்டமாகவே இருந்தார்கள். பின்வந்த மாதங்களில் மருத்துவரிடம் போனது மட்டும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது. உங்களுக்கும் எழுதிய அன்று மாலை மனம் கனக்கலாம், அழுகை வரலாம், எதிர்பார்த்தே உட்காருங்கள். வங்கியில் ஆண்டுதோறும் கொடுக்கிற டைரிகளில் எழுதாமல் கிடப்பது ஒன்றாவது வீட்டில் இருக்கும். பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். முதல் மூன்று நாட்கள் அந்த மாலையையும் அப்பாவையும் பற்றி எழுதுங்கள். நான்காம் நாள், தள்ளிப்போட்ட அந்த அழைப்பை நீங்களே எடுத்துப் பேசுவதாக வைத்துக்கொண்டு, அவரிடம் சொல்ல இருந்ததை அவருக்கே எழுதுங்கள். எழுதும்போது தாங்க முடியாமல் போனால் நிறுத்திவிடலாம். அப்போது ஆலோசகர் ஒருவரின் துணையோடு தொடர்வதே நல்லது.

தியான வகுப்பு பற்றிக் கேட்டீர்கள். மூச்சைக் கவனிக்கக் கற்றுத்தரும் எளிய வகுப்பு உள்ளூரில் இருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் பத்து நாள் மௌன முகாம் இப்போதைக்கு வேண்டாம் என்பேன். சென்னை அருகே திருமுடிவாக்கத்தில் நடப்பது போன்ற விபாசனா முகாம்களில், யாரோடும் பேசாமல், நாளுக்குப் பத்து மணி நேரம் அளவில் உட்கார வேண்டியிருக்கும். அதனால் பெரிதும் பயன் பெற்றவர்களை நான் அறிவேன். ஐந்து நிமிடத்தில் எழுந்து ஓடுகிற நிலையில், ஆறாத துயரத்தோடு அங்கே போவது, நீச்சல் தெரியாதவர் புது வெள்ளத்தில் இறங்குவது போல ஆகிவிடும்.

அதைவிட எளிதான ஒரு பள்ளிக்கூடம் உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கிறது. ஆங்கிலேயக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வின்னிகாட், தனியாக இருக்கும் திறன் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி 1958-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். குழந்தை அதைக் கற்பது ஆளில்லாத இடத்தில் அன்று, தாயின் அருகில் என்றார் அவர். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் குழந்தை ஒரு சொப்பை வைத்துத் தனக்குத்தானே முணுமுணுத்து விளையாடுகிறது. இருவரும் பேசிக்கொள்வதில்லை. அவள் அங்கே இருக்கிறாள் என்ற உறுதியில் குழந்தை அவளை மறந்து தன் உலகத்துக்குள் போகிறது. பெரியவர்களாகித் தனியே உட்காரும்போது நாம் பயன்படுத்துவது அந்த உறுதியைத்தான். பெற்றவரை இழக்கும்போது அது ஆட்டம் காண்பதில் வியப்பில்லை.

நாளை மாலை காதில் எதையும் மாட்டிக்கொள்ளாமல் மாமியாருக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் பூவைக் கட்டட்டும். நீங்கள் காம்பு பார்த்து இரண்டிரண்டாக எடுத்து வையுங்கள். பேச்சு வந்தால் பேசலாம், வராவிட்டால் வரவழைக்க வேண்டாம். நார் இழுபடும் ஓசையைக் கேட்டுக்கொண்டு, அவர் அருகில் இருக்க, உங்கள் மனம் போகிற இடத்துக்குப் போகட்டும். வாரத்தில் ஒருநாள் இருவருமாகப் பெரிய கோவிலுக்குப் போய், சந்நிதி தரிசனம் முடிந்ததும் உடனே திரும்பாமல், அந்த அகன்ற பிராகாரத்தில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வரலாம். அந்தி நேரத்தில் அங்கே எத்தனையோ பேர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் யாரையும் உடம்புக்கு என்ன என்று கேட்பதில்லை.

எழுதி முடித்து, திண்ணையும் ஓரளவு பழகிய பின் மாடிக்குப் போங்கள். சில நாட்கள் ஆறாம் நிமிடத்திலேயே இறங்கி வரத் தோன்றும்; வாருங்கள், மறுநாள் மறுபடி போங்கள். கீழே வரும்போது மாமியார் மறுபடியும் ஏன் தனியாக உட்கார்ந்தாய் என்றுதான் கேட்பார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போகாதீர்கள். 'அப்பா நினைப்பா இருந்துச்சு அத்தை' என்று உள்ளதைச் சொல்லுங்கள். கணவரை இழந்த இந்தப் பதினோரு ஆண்டுகளில் தினமும் மாலையில் பூவை வைத்துக்கொண்டு அவர் எதை நினைத்துக்கொண்டிருந்தார் என்று, அநேகமாக, அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.